நீ பார்த்த இடம்

இல்லை சாமி. தெரிந்துதான் அடித்தாய். நேற்று நீ அழைத்தபோது இதைச் சொல்ல முடியவில்லை. மேகலா பக்கத்து அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். அதனால் "சரி, வை" என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வருவதாகவும், அவளைத் தயாராக இருக்கச் சொல்லும்படியும் சொன்னாய். "கண்ணுமண்ணு தெரியலம்மா. ஒரே அடி. எங்க பாத்து அடிச்சேன்னே எனக்குத் தெரியாது" என்றாய். அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இந்தக் கடிதம். நீ எங்கே பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்தேன்.

மேகலா புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து திருச்செங்கோடு வரை ஸ்கூட்டரில். நெடுஞ்சாலையில், போர்வெல் ரிக் லாரிகளுக்கு நடுவே, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வலது கையால் ஓட்டி வந்திருக்கிறாள். வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டோடு எப்படிக் குடிப்பது என்று யோசிப்பவள் மாதிரி. "கழட்டும்மா" என்றேன். "கையத் தூக்க முடியலீங்க அத்தை" என்றாள். நான் தாடைக்கடியில் வாரை அவிழ்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அடித்தவனுக்கு எந்த அளவுக்கு நிதானம் இருந்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அறைக்குள் அழைத்துப்போய்ச் சுடிதாரைத் தூக்கிப் பார்த்தேன். இடது விலாவில், அக்குளுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, ஒரு கோடு. ஒரே கோடு. நடுவில் வெளுத்து, இரண்டு ஓரமும் கறுத்து. எங்கும் வளையவில்லை, சிதறவில்லை. கோபத்தில் கை பதறியவன் அடித்தால் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, சுவரில் ஒன்று என்று விழும். இது அப்படி இல்லை. நான் வாழ்க்கை முழுவதும் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு தண்டு ஒரு பரப்பில் எப்படிப் பட்டது என்று தடத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு யாருடைய வாக்குமூலமும் வேண்டாம்.

"எதுல அடிச்சான்?"

"கோல்ஃப் மட்டைங்க. ஏழாம் நம்பர்."

"எதுக்கு?"

"மழை வந்துருச்சுங்க. மாடியில அவரு வலை கட்டியிருக்கறாருல்ல, பந்து அடிச்சுப் பழக. அது மேல பெட்ஷீட்டக் காயப் போட்டுட்டேன்."

இவ்வளவுதான் காரணம். அவளே சொன்னாள்: "ராசிபுரம் போனா அப்பா சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து உட்ருவாருங்க. நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்." நெனச்சேன் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நம்பிக்கையோடு பார்த்தாள் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டு இது எந்த ஊர் பஸ் என்று கேட்பவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

உனக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் உன் அப்பா. பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மேட்டூரில் நாம் இருந்த ஆலைக் குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதிகாரிகள் மன்றத்தின் மைதானம். கோல்ஃப் மைதானம் என்று சொல்ல அங்கே புல்லே கிடையாது. செம்மண், வேலிக்காத்தான் முள், நடுநடுவே வட்டமாக எண்ணெய் ஊற்றிக் கெட்டிப்படுத்திய மணல். மற்ற ஊர்களில் குழி இருக்கும் இடம் பச்சையாக இருக்குமாம், அதற்குப் பெயரே கிரீன். இங்கே அது கருப்பு. பழைய எஞ்சின் எண்ணெய் வாசம். அதைப் பிரவுன் என்பார்கள். பகல் வெயிலில் அந்த வட்டங்கள் கொதித்துக்கொண்டு கிடக்கும். மாலையில் ஆலை விட்டதும் உன் அப்பா வந்து நிற்பார். வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் உறை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பேன். விரும்பிப் பார்த்தேன் என்று இல்லை. ஜன்னல் அங்கேதான் இருந்தது.

மற்றவர்கள் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் பந்து போகவேண்டிய இடத்தைப் பார்ப்பார்கள். மட்டை இறங்கும்போதே தலை நிமிர்ந்துவிடும். பந்தின் உச்சியில் சுரண்டிவிட்டு மட்டை போய்விடும், பந்து எலி மாதிரி பத்தடி ஓடி நிற்கும். உன் அப்பா அப்படி இல்லை. பந்தின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை மட்டும் பார்ப்பார். மட்டை மேலே போகும், இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கண் திரும்பாது. பந்து போய்விட்ட பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வெறும் மண்ணை. அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு அமைதி இருக்கும் சாமி. கோவிலில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அந்த முகத்துக்காகவே நான் ஜன்னலில் நின்றிருக்கிறேன்.

உனக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது கண் சோதனை. கட்டைவிரலைத் தூக்கித் தூரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வைக்கச் சொல்வார். ஒரு கண்ணை மூடு, இப்போது மற்றதை மூடு. எந்தக் கண்ணை மூடினால் விரல் தொட்டியை விட்டு நகர்கிறதோ அதுதான் குறி பார்க்கிற முதல் கண். "உனக்கும் எடது கண்ணுதான்டா, என்ற மாதிரியே" என்று உன்னைத் தூக்கிச் சுற்றினார். அன்று வீட்டில் பாயசம். பிறகு நாணயப் பயிற்சி. பந்துக்கடியில் ஒரு நாணயத்தை வைத்துவிடுவார். எந்தப் பக்கம் மேலே என்று உனக்குத் தெரியாது. பந்தை நீ அடித்ததும் தலையைத் தூக்காமல் பூவா தலையா என்று சொல்லவேண்டும். பந்து எங்கே போனது என்று நீ கேட்கக் கூடாது. தலையைத் தூக்கினால் பிடரியில் ஒன்று விழும். கொஞ்ச நாளில் நீ தூக்குவதை நிறுத்திவிட்டாய். "தலை", "பூ", "பூ" என்று உன் குரல் சமையலறைவரை கேட்கும். நான் உனக்கு ராகி மாவு கரைத்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மைதானத்தில் ஒரு நாய் இருந்தது. செவலை. பந்தைக் கவ்விக்கொண்டு ஓடும், அதற்கு அது விளையாட்டு. எல்லோரும் திட்டுவார்கள், கல்லெறிவார்கள், பிறகு சிரிப்பார்கள். ஒருநாள் உன் அப்பாவின் பந்தைக் கவ்வியது. அவர் கத்தவில்லை. கூப்பிட்டார். நாக்கைச் சொடுக்கி, பிஸ்கட் பாக்கெட்டை உரசி. அது வந்து பந்தை அவர் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. அவர் மட்டையை மாற்றினார். பையைத் தூக்கிக்கொண்டு நின்றது நீ. எந்த மட்டை என்று கேட்டு நீதான் எடுத்துக் கொடுத்தாய். அவர் இரண்டு காலையும் அளந்து வைத்தார். ஒரு முறை மெதுவாக, தொடாமல், வீசிப் பார்த்தார். அது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு அடித்தார். சத்தம் ஜன்னல்வரை கேட்டது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். நாய் முன்னங்கால்களால் மட்டும் உடலை முள்ளுக்குள் இழுத்துக்கொண்டு போனது, பின்பாதி மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போனது. உன் அப்பா அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே முகம். பிறகு மட்டையைத் துண்டால் துடைத்து உன்னிடம் கொடுத்தார்.

நீ அன்று அழுதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவேண்டி இருந்திருக்காதோ என்னவோ. சாப்பிடும்போது நீ கேட்டாய்: "எங்கப்பா பாத்தீங்க?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நடு முதுகு. தலையப் பாக்கக் கூடாது. அது அசையும்" என்றார். நீ தலையாட்டிக்கொண்டாய். பாடம் கேட்பது மாதிரி. நான் உனக்கு ரசம் ஊற்றினேன்.

என்னை அவர் அடித்ததை நீ பார்த்திருக்கிறாய். எத்தனை முறை என்று இருவருக்கும் தெரியாது, அது வேண்டாம். எங்கே என்பது மட்டும் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடை. இடுப்புக்கு மேலே, ரவிக்கைக்குக் கீழே, முந்தானை மறைக்கிற பக்கம். மேல்கை, ரவிக்கைக் கைக்கு உள்ளே. நான் மறுநாள் காலை பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவேண்டியவள். கையைத் தூக்கி எழுதினால் சேலை விலகும், பிள்ளைகள் பார்ப்பார்கள். அப்படி விலகித் தெரிகிற இடத்தில் அவர் ஒருமுறைகூட அடித்ததில்லை. இதை நான் பல வருடம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயில் வந்ததும், ஊரார் வாயில் வந்ததும், என் மாமியார் சொன்னதும் ஒன்றுதான்: கோபம் வந்தால் அவருக்குக் கண் தெரியாது. கண் தெரியாத ஆள், என் சேலை எந்த நீளத்துக்கு வரும் என்று தெரிந்து வைத்திருந்தார்.

அவருக்கு நிறுத்தவும் தெரியும். ஒருநாள் மட்டை உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, பாதி வந்துவிட்டது. ஆலைப் பொதுமேலாளரின் மனைவி நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். உன் அப்பா நிறுத்தினார். காற்றிலேயே, முழு வேகத்தில். மணிக்கட்டு பிசகி ஒரு வாரம் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகலீங்களே மேடம்" என்று சிரித்தார். அந்த அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார், என்ன ஒரு மனுசன், எவ்வளவு கட்டுப்பாடு. எனக்கு அன்று சாயங்காலம் அந்த மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. தேய்த்துக்கொண்டே யோசித்தேன். இந்தக் கை நிற்கும். நிற்கவேண்டிய ஆள் எதிரில் வந்தால் நிற்கும்.

ஒருமுறை நான் பவானியில் என் அப்பா வீட்டுக்குப் போனேன். உன்னைத் தூக்கிக்கொண்டு. காலையில் போனவளை அவர்கள் மறுநாள் மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வெறும் கையோடு அனுப்பவில்லை. நம் பக்கம் முறை என்று ஒன்று இருக்கிறதே. புதுப்புடவை, தலையில் பூ, ஒரு சீப்பு பூவன்பழம், துணைக்குத் தம்பி. உன் மாமாவுக்கு அப்போது மீசை முளைத்துக்கொண்டிருந்தது. புடவையில் கஞ்சி மொடமொடவென்று இருந்தது. தொடையில் பட்ட இடமெல்லாம் உரசி எரிந்தது. மேட்டூர் வரும்வரை அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உன் அப்பா வாசலில் வந்து பையை வாங்கி, "வா மாப்ள, காப்பி சாப்புடு" என்றார். பழத்தை அவரே உரித்து எனக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டையை எடுத்தேன். இதை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நீ தரையில் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். காலையில் ஒரு முறை நடந்து முடிந்திருந்தது. சாம்பாரில் உப்பு. அவர் சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நடையில் பை நின்றது. நான் கைக்கு வந்ததை உருவினேன். அவருக்கு முன்னால் போய் நின்றேன். தலைக்குமேல் தூக்கினேன். அவர் தாளை இறக்கி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மீசையில் நரை. என் முழு பலத்தோடு அடித்தேன். மட்டை அவரைத் தொடவே இல்லை. பக்கத்திலிருந்த ஃபிரிட்ஜின் கதவில் போய்ப் பட்டு உள்ளே எல்லாம் உருண்டது. பால் பாத்திரம் கவிழ்ந்து கதவிடுக்கு வழியாக ஒழுகியது.

அவர் தாளை மடித்து வைத்தார். கோபமே இல்லை. "தலையத் தூக்கீட்டே புள்ள. மூஞ்சியப் பாத்தீனா மட்டை சரியா எறங்காது" என்றார். எழுந்து என் பின்னால் வந்து நின்றார். என் விரல்களை மட்டையில் சரியாக வைத்தார். வலது கைக்குள் இடது கட்டைவிரல். "கீழ பாரு. எங்க படோணுமோ அங்க மட்டும். ஆளு யாருன்னு பாக்காத." பிறகு மட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இரண்டடி தள்ளி நின்று, காலை அளந்து வைத்து, அடித்துக் காட்டினார். வலது தொடை. நான் விழுந்த இடத்தில் பால். நீ காம்பஸை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ பார்த்தது என் முகத்தை இல்லை சாமி. அவர் கண்ணை. அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தாய். இன்று யோசித்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அன்றே தெரிந்தது. தெரிந்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்று மாலை உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு நான் சொன்னேன்: "அப்பாவுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது சாமி. நீ ஒண்ணும் நெனச்சுக்காத." அவர் நிதானமாக, விளக்கிச் சொல்லி, அடித்துக் காட்டி முடித்த அன்றைக்கு. நீ உம் என்றாய். நேற்று அந்த வாக்கியத்தைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னாய். உனக்கு ஒரு பொய்யை நான் கொடுத்திருக்கிறேன், அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், அது பொய் என்று சொல்ல நான் உயிரோடு இருக்கிறேன்.

நேற்று நீ போனை வைத்த பிறகு மாமா அழைத்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கெல்லாம் வந்தர்றோம். சாப்பாடு ஒண்ணும் பண்ண வேண்டாம், வர்ற வழியில பாத்துக்கறோம்."

"எதுக்கு வாரீங்க?"

"இதென்ன கேள்வி. புள்ளயக் கூட்டீட்டுப் போகோணுமல்ல. பொடவை எடுத்தாச்சு. மாம்பழக் கலரு. செவப்பு பார்டரு. அந்தப் புள்ளைக்கு எடுப்பா இருக்கும்."

"எந்தக் கையில கட்டுவா? எடது கையே தூக்க முடியல அவளுக்கு."

"பொம்பளையாளுக வாராங்கல்லக்கா. கட்டி உடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "பசங்க கோவத்துல ஒண்ணு ரெண்டு பண்ணுவாங்கதான். நீ படாததையா அவ பட்டுட்டா. நீயெல்லாம் இருந்து குடும்பம் பண்ணலயா, மகன ஆளாக்கலயா" என்றான்.

"நான் பட்டத நீ பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான வந்தே."

பிறகு மெதுவாக, "நான் ஜன்னலப் பாத்துட்டு வந்தேன்க்கா" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைந்தபட்சம் எங்கே பார்த்தான் என்று தெரிந்து வைத்திருக்கிறான். ஆனாலும் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொன்னேன். கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்றான். அப்படியென்றால் நீயே கட்டிக்கொள் என்றேன்.

உனக்கு நான் புத்தி சொல்லவேண்டும். அம்மா எழுதுகிற கடிதம் என்றால் அது இருக்கவேண்டும். சொல்கிறேன். அவள் முகத்தைப் பார். சண்டை வரும்போது, உன் கை சூடாகும்போது, அவள் வாய் பேசுகிற சொல்லையும் அவள் காயப்போட்ட துணியையும் விட்டுவிட்டு முகத்தைப் பார். முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதரை அடிப்பது கடினம். நான் முயன்று பார்த்தவள், எனக்குத் தெரியும். ஆனால் இதை எழுதும்போதே இதில் எனக்கு நம்பிக்கை குறைகிறது. உன் அப்பா சில நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார், பிறகு கண்ணை இறக்குவார். இறக்குகிற அந்த நொடிதான். எனக்குத் தெரியும், அடுத்தது என்ன என்று. அந்த நொடியில் நீ இருந்தாய் சாமி, மாடியில், மழையில். அவளுடைய கண்ணிலிருந்து விலாவுக்கு உன் பார்வை இறங்கியது. அது தானாக இறங்கவில்லை. நீ இடம் தேடினாய். கண்டுபிடித்தாய். காலை அளந்து வைத்தாய். மேகலா சொன்னாள், "அடிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா சும்மா வீசிப் பாத்தாருங்க அத்தை. அடிக்க மாட்டாருன்னு நெனச்சுட்டேன்."

ஒத்திகை பார்த்திருக்கிறாய். அதற்குப் பிறகு கண்மண் தெரியவில்லை என்று என்னிடம் சொல்கிறாய்.

அதனால் என் புத்திமதி உனக்குப் போதாது. உன் அப்பாவின் மட்டையை நிறுத்தியது யாருடைய புத்திமதியும் இல்லை. குறுக்கே வந்த ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பின்னால் வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு அப்படி யாரும் குறுக்கே வரவில்லை. அவர் மாரடைப்பில் போகும்வரை வரவில்லை. உனக்கும் மேகலாவுக்கும் நடுவில் இப்போது யாராவது வரவேண்டும். அவள் அப்பா வரமாட்டார். உன் மாமா புடவையோடு வருகிறான். மிச்சம் இருப்பது நான்.

உன்னை நான் நேசிக்கிறேனா என்று நீ கேட்பாய். மாமா நிச்சயம் கேட்பான், பெத்தவளா நீ என்று. உனக்குக் காய்ச்சல் வந்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போகும். இந்த வாரம் நீ தனியாக என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு முறை நினைத்தேன், இரண்டு முறையும் தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன். அதெல்லாம் அப்படியே இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ செய்தது என்ன என்று உனக்குச் சரியாக யாராவது ஒருமுறை சொல்லவேண்டும், அதிகாரம் உள்ள இடத்தில் வைத்து, எழுத்தில். நீ அதைக் கேட்டுவிட்டால் உனக்கு ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறேன். கேட்காமலே போனால் நீ உன் அப்பாவாகத்தான் முடிவாய். ஊரே மெச்சுகிற, கட்டுப்பாடான ஒரு மனிதனாக.

ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் கதவு பூட்டியிருக்கும்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. மீதியை இன்று, சனிக்கிழமை இரவு, எழுதுகிறேன்; படமெடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

இன்று காலை மேகலாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். விலா எலும்பில் விரிசல். அங்கிருந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். உள்ளே போகுமுன் அவள், "அத்தை, நெசமாவுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். ஆய்வாளர் ஒரு இளம்பெண். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பலாமா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார், நான் பெண்ணின் தாய் என்று நினைத்துக்கொண்டு. பேசவேண்டாம், புகாரை எழுதுங்கள் என்றேன். மேகலா சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, அடித்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். மகன் என்றேன். பேனா கொஞ்சம் நின்றது. அதையும் எழுதிக்கொண்டு தாளை என் பக்கம் திருப்பினார். மேகலா பெயருக்குக் கீழே சாட்சியாக என் பெயரை எழுதினேன்.